பெருங்களூர் தந்த அகிலன்: ஒத்துப்போகத் தெரியாத நாயகர்களின் கதாசிரியர்

இந்தக் காலாண்டு இதழில் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்த ஒரு பெரிய எழுத்தாளரைப் பற்றி எழுதும்படி செயற்குழு நண்பர்கள் கேட்டார்கள். யோசிக்காமல் நினைவுக்கு வந்த பெயர் அகிலன்.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டைக்கு முன்னால் வருகிறதே பெருங்களூர், அதுதான் அவர் பிறந்த ஊர். 1922 ஜூன் 27-ல் வைத்தியலிங்கம் பிள்ளை, அமிர்தம்மாள் தம்பதிக்குப் பிறந்தார். இயற்பெயர் அகிலாண்டம். அப்போது இது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். 1948-ல்தான் புதுக்கோட்டை இந்திய யூனியனோடு இணைந்தது. நாம் இன்று முகவரியில் எழுதும் மாவட்டம் 1974-ல் உருவானது.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் வளர்த்தார். புதுக்கோட்டையில் படிக்கும்போதே காந்தியடிகள் மீது பற்று உண்டாகி, நாட்டு விடுதலை வேட்கையில் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய ஒரே பிள்ளை படிப்பை விடுவது சாதாரணக் காரியமா? அந்த வீட்டில் என்ன கவலை இருந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு ரயில்வே மெயில் சர்வீஸில் வேலைக்குச் சேர்ந்தார். இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஓடும் ரயிலிலேயே தபால் பெட்டி இருக்கும். ஊழியர்கள் உள்ளே நின்றபடி கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து, மூட்டை கட்டி, அந்தந்த ஸ்டேஷனில் இறக்குவார்கள். இரவு பகல் பாராத வேலை. இப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டே அகிலன் எழுதினார். 1946-ல் பெண் என்ற நாவல் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு வயது 24.

பத்தாண்டுகளுக்கும் மேல் பார்த்த அந்த மத்திய அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டு, எழுத்தையே நம்பி இறங்கினார். நானும் மாதச் சம்பளம் வாங்கியே காலம் தள்ளியவன். பென்ஷன் உள்ள வேலையை ஒரு பேனாவுக்காக விடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்குத் தெரியும். பின்னாளில் 1960களில் சென்னை வானொலி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். ஆனாலும் எழுத்து நிற்கவில்லை.

அவருடைய பாவை விளக்கு கல்கியில் தொடராக வந்தது. அதன் நாயகன் தணிகாசலம் ஓர் எழுத்தாளன். 1960-ல் சிவாஜி கணேசன் நடிப்பில் படமாகவும் வந்தது. வாழ்வு எங்கே என்ற நாவல் குலமகள் ராதை ஆயிற்று. கயல்விழியை எம்.ஜி.ஆர். மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் என்று எடுத்தார். வேங்கையின் மைந்தன் 1963-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ராஜேந்திர சோழன் காலத்துக் கதை. அதில் வரும் இளங்கோ நம் மாவட்டத்துக் கொடும்பாளூர் இளவரசன். விராலிமலைப் பக்கம் போகும்போது மூவர் கோயிலைப் பார்த்தால் அவன் நினைவு வரும். அவன் மனம் நாடியதோ பகை நாட்டு ஈழத்து இளவரசி ரோகிணியை. ஊர் எதை எதிர்பார்க்கிறதோ அதற்கு மாறாக மனம் போகிறவர்களை அகிலனுக்குப் பிடிக்கும்.

இந்தக் குணம் முழுமையாகத் தெரிவது சித்திரப்பாவை நாவலில். 1960களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நாயகன் அண்ணாமலை ஓர் ஓவியன். கூச்ச சுபாவம் உள்ளவன். தன் கலையைச் சந்தைச் சரக்காக்க மனம் வராதவன். அவனை நேசிப்பவள் ஆனந்தி. குறுக்கே வருபவன் மாணிக்கம். பணம் பண்ணத் தெரிந்தவன், பலவந்தமாக ஆனந்தியைத் தொட்டுவிடுகிறான். அந்தக் காலத்து மான அவமானக் கணக்குப்படி அவனையே மணக்க வேண்டியவளாகிறாள். பட்ட துன்பங்களுக்குப் பிறகு, கடைசியில் அந்தத் தாலியை உதறிவிட்டு அண்ணாமலையிடம் வருகிறாள். இன்றைக்குப் படித்தாலும் துணிச்சலான முடிவுதான். வாரம் ஒருமுறை குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் அன்று இது வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதே நாவலுக்குத்தான் 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழர் அவரே. அடுத்து ஜெயகாந்தன் பெறுவதற்கு 2002ஆம் ஆண்டு விருது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாரும் பாராட்டிவிடவில்லை. சுந்தர ராமசாமி போன்றவர்கள் இந்த விருதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அவருடைய நல்லவர்கள் சில சமயம் மிகவும் நல்லவர்களாக இருப்பார்கள், நீளமாகவும் பேசுவார்கள் என்பது எனக்கே தோன்றுவதுண்டு. லட்சக்கணக்கான வாசகர்கள் கொண்டாடிய அகிலன், இலக்கியச் சிற்றிதழ்க்காரர்களின் பந்தியில் இடம் கிடைக்காத வெளியாளாகவே இருந்தார்.

பின்னர் மலேசியாவுக்குச் சென்று, ரப்பர் தோட்டத் தமிழர்களின் பாடுகளைப் பால்மரக் காட்டினிலே என்று எழுதினார். உழைத்த மண்ணிலேயே அந்நியராக நிற்பவர்களின் கதை அது. நம் மாவட்டத்திலும் கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பங்கள் ஏராளம். நம்மவர்கள் அதைப் படித்தால் கதையாகத் தெரியாது. 1988 ஜனவரி 31-ல் சென்னையில் அகிலன் காலமானார். அப்போது வயது 65.

ஒரு கேள்வி எனக்குள் ரொம்ப நாளாக உண்டு. ஊரோடு அனுசரித்துப் போகத் தெரியாதவர்களை நாம் கதையில் ஏன் இவ்வளவு நேசிக்கிறோம்? வங்காளத்து சரத்சந்திரரின் தேவதாஸ் 1917-ல் புத்தகமாக வந்தது. 1953-ல் நாகேஸ்வர ராவ் நடித்த படத்தைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. தேவதாஸ் குடித்து அழிந்தான். அண்ணாமலை அழியவில்லை, தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரையும் நாம் மறக்கவில்லை.

எனக்குத் தோன்றும் காரணம் இது. நாம் எல்லாரும் எங்கோ ஓர் இடத்தில் அனுசரித்துப் போனவர்கள். பாட ஆசைப்பட்டவர் கணக்கு எழுதினார். படிக்க ஆசைப்பட்டவர் சமையல்கட்டுக்குள் போனார். அனுசரிக்க மறுத்த ஒருவனைக் கதையில் பார்க்கும்போது, நாம் விட்டுக்கொடுத்ததை அவன் நமக்காகக் காப்பாற்றி வைத்திருப்பதாக ஓர் ஆறுதல்.

ஆனால் கதைக்கு வெளியே நாம் நடப்பது வேறு. அண்ணாமலையும் மாணிக்கமும் கடன் கேட்டு வங்கிக்கு வந்தால் மாணிக்கத்துக்குத்தான் கிடைக்கும். சொத்துப் பத்திரம், ஜாமீன், வருமானக் கணக்கு எல்லாம் அவனிடம் சரியாக இருக்கும். வங்கியை விடுங்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும் நாம் மாணிக்கத்தைத்தானே தேடுகிறோம்? புத்தகத்தில் அண்ணாமலைக்குக் கண்ணீர் விடும் நாம், நம் வீட்டிலேயே ஓர் அண்ணாமலை பிறந்தால் டியூஷனுக்கு அனுப்பித் திருத்தப் பார்க்கிறோம்.

நம் பிளாக்குகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். விளையாட்டில் சேராமல் மாடிப்படியில் உட்கார்ந்து படம் வரையும் பிள்ளை, யாரோடும் அதிகம் பேசாத பிள்ளை. அவர்களைப் பார்த்து இது தேறாது என்று சொல்வதற்கு முன், படிப்பைப் பாதியில் விட்ட பெருங்களூர்ப் பையனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

கோடை விடுமுறைக்குள் சித்திரப்பாவையை வாங்கியோ, நூலகத்தில் எடுத்தோ படியுங்கள். படித்தவர்கள் சங்க அறையில் ஒரு மாலை கூடிப் பேசலாம். ஆனந்தி செய்தது சரியா என்று அம்மாமார்களும் பேத்திகளும் பேசுவதைக் கேட்க எனக்கு ஆவல்.