தப்புப் பக்கம் ஓடிய வீரர்

அந்த வாலிபர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றாய்ப் பறந்தார். 66 ஆயிரம் ஜனங்கள் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். கூச்சல் அவர் காதில் விழுந்தது. அதன் அர்த்தம்தான் விளங்கவில்லை. அவர் ஓடியது தம் சொந்த எல்லைக் கோட்டை நோக்கி!

அவர் பெயர் ராய் ரீகல்ஸ். 1908-ம் ஆண்டில் பிறந்தவர். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலை மாணவர்.

முட்டைப் பந்து

அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து, நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவமாக இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். கட்சிக்கு 11 பேர். ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் இடையே 100 கஜ தூரம். பந்துடன் எதிரியின் கோட்டைத் தாண்டினால் 6 பாயிண்டு.

ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளத்தில் சடுகுடு ஆடும் பையனுக்கு நடுக்கோடு எப்படியோ, இவர்களுக்கு எல்லைக் கோடு அப்படி. ஒரு விரற்கடையில் வெற்றியும் தோல்வியும் மாறிவிடும்.

பந்து கை நழுவித் தரையில் விழுந்தால், பாய்ந்து எடுப்பவருக்கே சொந்தம். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோட்டுக்கு அருகில் விழுந்துவிட்டாலோ நடுவர்களுக்குத் தலைவேதனைதான். பந்து எங்கே நின்றது என்று பார்த்தால் மட்டும் போதாது. அதை அங்கே போகச் செய்தது எந்தக் கட்சி என்றும் பார்க்க வேண்டும்.

எதிரி உதைத்த பந்து நம் கோட்டுக்குப் பின்னால் வருகிறது. அதைப் பிடித்து அங்கேயே நிறுத்திவிடுகிறோம். இதில் குற்றமில்லை. பந்தை வெளியே வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் நாமே பந்தைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே மடக்கப்பட்டால் எதிரிக்கு 2 பாயிண்டு. அந்த 2 பாயிண்டுதான் ரீகல்ஸைப் பாடாய்ப் படுத்தியது.

திசை மாறியது

1929-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. பாசடீனா நகரில் ரோஸ் பவுல் மைதானம். கலிபோர்னியாவும் ஜார்ஜியா டெக் கட்சியும் மோதின. ஆட்டத்தின் முதல் பாதியில் இரு தரப்பும் ஒரு பாயிண்டும் எடுக்காத சமயம். ஜார்ஜியா வீரர் ஒருவரின் கையிலிருந்து பந்து நழுவியது. ரீகல்ஸ் பாய்ந்து எடுத்தார். எதிரியின் கோடு 30 கஜத்தில்தான் இருந்தது. எதிரிகளிடமிருந்து தப்ப ஒரு சுழற்சி சுழன்றார். அதில் திசை மாறிவிட்டது. 60 கஜத்துக்கு மேல் எதிர்ப்பக்கமாக ஓடினார்!

அவருடைய கட்சியைச் சேர்ந்த பென்னி லாம் கத்திக்கொண்டே பின்னால் துரத்தினார். கோட்டுக்கு 3 கஜம் இருக்கையில் எட்டிப் பிடித்துத் திருப்பினார். அதற்குள் எதிரிகள் வந்து ரீகல்ஸைச் சாய்த்துவிட்டார்கள். பந்து நின்ற இடத்துக்கும் கோட்டுக்கும் இடையே ஒரே ஒரு கஜம். கோட்டைத் தாண்டி விழுந்திருந்தால் அப்போதே 2 பாயிண்டு போயிருக்கும். லாம் அதைத் தடுத்தார்.

ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? ஆபத்திலிருந்து தப்ப, லாம் கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தைத் தூர உதைக்க முயன்றார். எதிரிகள் பாய்ந்து தடுத்தார்கள். நடுவர்கள் ஜார்ஜியாவுக்கு 2 பாயிண்டு கொடுத்தார்கள். உதையைத் தடுத்தது எதிரிதான். ஆனாலும், பந்தைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோனது கலிபோர்னியா அல்லவா!

மறுபடியும் மைதானத்தில்

இடைவேளையில் ரீகல்ஸ் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். வெளியே தலைகாட்ட மனம் வரவில்லை. பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் விடவில்லை. ஆட்டத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, அவரையே திரும்ப இறக்கினார். ரீகல்ஸ் ஆவேசமாக ஆடினார். எதிரி உதைத்த பந்து ஒன்றைப் பாய்ந்து தடுத்தார்.

முடிவில் ஜார்ஜியா 8, கலிபோர்னியா 7. ஒரே பாயிண்டில் தோல்வி! பந்தை நழுவவிட்டவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. எடுத்து ஓடியவருக்குத்தான் 'தப்புப் பக்கம் ரீகல்ஸ்' என்ற பெயர் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் தோழர்கள் அவரை ஒதுக்கவில்லை. அந்த ஆண்டு நடந்த அடுத்த பருவத்தில் அவரே கட்சித் தலைவர். தேசத்தின் சிறந்த வீரர்களில் ஒருவராகவும் தேர்வானார். இரண்டாவது உலகப் போரின்போது விமானப் படையில் சேவை செய்தார். பிறகு விவசாயத்துக்கு வேண்டிய ரசாயனப் பொருள் தொழில் நடத்தினார்.

1964-ம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு வீரர் இதே தவறைச் செய்தார். அவர் மின்னசோட்டா கட்சியின் ஜிம் மார்ஷல். நழுவிய பந்தை எடுத்து 66 கஜம் தப்புப் பக்கம் ஓடினார். அவரைத் தடுக்க ஒரு லாம் இல்லை. கோட்டையும் தாண்டி, வென்றுவிட்டதாக எண்ணிப் பந்தை வெளியே வீசினார். எதிரிக்கு 2 பாயிண்டு! நல்லவேளை, அவர் கட்சி 27-22 என்று ஜெயித்துவிட்டது. ஊரெல்லாம் சிரித்தபோது மார்ஷலுக்கு ஒரு கடிதம் வந்தது. நம் சங்கத்துக்கு நல்வரவு என்று வேடிக்கையாக எழுதியிருந்தவர், 56 வயது ரீகல்ஸ்.

1991-ம் ஆண்டில் ரோஸ் பவுல் புகழ் மண்டபத்தில் ரீகல்ஸின் பெயர் சேர்க்கப்பட்டது. 1993-ம் ஆண்டில், 84-வது வயதில் அவர் காலமானார்.