நீராவி இன்ஜினை ஓரங்கட்டியவர்... யார் இந்த ருடால்ஃப் டீசல்?

ரெட்டியார்பாளையம் வழியாக விழுப்புரம் போகும் பஸ், லாரிகளில் பெரும்பாலானவை ஓடுவது டீசலில். ஆனா, டீசல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர்!

விரட்டப்பட்ட சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்ஸ் - ஜெர்மனி போர் வெடிக்க, குடும்பமே பாரிஸை விட்டு வெளியேறியது. அப்போது அவருக்கு வயது 12.

நீராவியில் என்ன பிரச்னை?

மூனிக்கில் படித்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. நீராவி இன்ஜினில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் 10 சதவீதம்தான் வேலைக்குப் பயன்படும். மீதி எல்லாம் வீண். கொதிகலன் சூடாகவே நீண்ட நேரம் ஆகும். கரி அள்ளிப்போட தனி ஆள் வேண்டும். பெரிய மில் முதலாளிக்கு அது கட்டுப்படியாகும். சின்ன பட்டறைக்காரர் என்ன செய்வார்? அவருக்கும் இன்ஜின் கிடைக்க வேண்டும் என்பதே டீசலின் ஆசை.

கொதிகலனே வேண்டாம்

சிலிண்டருக்குள் காற்றை பலமாக அழுத்தினால் அது கொதிக்கும் அளவுக்கு சூடாகும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1897-ல் நடந்த சோதனையில், எரிபொருள் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை இந்த இன்ஜின் வேலையாக மாற்றியது.

1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் இருந்தும் பிரான்ஸின் மார்செய் நகருக்கு கப்பல் கப்பலாக மல்லாட்டை போய்க்கொண்டிருந்தது.

மர்ம முடிவு

பெயர் கிடைத்தது, பணம் தங்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து சென்ற கப்பலில் இருந்து கடன் சுமையோடு இருந்த டீசல் காணாமல் போனார். சில நாட்களில் உடல் கடலில் கிடைத்தது. தற்கொலையா, கொலையா? இன்றுவரை விடை இல்லை. அவர் கடைசியாக ஏறியதும் ஒரு நீராவிக் கப்பல்தான்.

நீராவி என்ன ஆச்சு?

புதுச்சேரிக்கு 1879-ல் ரயிலைக் கொண்டுவந்தது நீராவி இன்ஜின்தான். டீசலும் மின்சாரமும் வந்தபின், சித்தரஞ்சன் ஆலையில் 1972-ல் நீராவி இன்ஜின் தயாரிப்பு நின்றது. கிராமத்து கிணற்று மேட்டில் டீசல் பம்பு செட் ஓடியது. சின்ன ஆளுக்கும் இன்ஜின் என்ற அவரது ஆசை அங்கேதான் பலித்தது.

ஆனா, நீராவி முழுசா ஒழியவில்லை. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுவது இன்றும் அதுதான். நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்!