குலோத்துங்கன் சோழரா, சாளுக்கியரா? 950 ஆண்டு பழைய பரம்பரைக் கணக்கு

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தில் தினமும் இறங்கி அலுவலகம் ஓடுபவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு பழைய முகவரி இந்தப் பகுதிக்கு உண்டு. கோடம்பாக்கம், வேளச்சேரி, பல்லாவரம் எல்லாம் அடங்கிய வட்டாரத்துக்குச் சோழர் காலப் பெயர் புலியூர்க் கோட்டம். கல்வெட்டுகளில் அதற்கு இன்னொரு பெயரும் வருகிறது: குலோத்துங்க சோழ வளநாடு.

அந்தப் பெயரை முதலில் சூடிய அரசர், தந்தை வழியில் சோழரே இல்லை. அப்புறம் எப்படி அவர் சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்?

யார் இந்த முதலாம் குலோத்துங்கன்?

பிறந்தபோது வைத்த பெயர் ராஜேந்திரன். தந்தை ராஜராஜ நரேந்திரன், கீழைச் சாளுக்கிய அரசர். இன்றைய ஆந்திரத்தில் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளை ஒட்டிய வேங்கி நாட்டை ஆண்டவர். நன்னய்யா தெலுங்கில் மகாபாரதம் எழுதத் தொடங்கியது இவருடைய அவையில்தான்.

இந்த வம்சத்தின் வேர் 7ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. வாதாபியை ஆண்ட இரண்டாம் புலிகேசியின் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனன் தொடங்கிய கிளை இது. சாளுக்கியர் தங்களைச் சந்திர குலம் என்றார்கள். சோழர்கள் சூரிய குலம் என்றார்கள். ரெண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது கல்யாணத்தால்.

சோழ உறவு எங்கிருந்து வந்தது?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கியின் விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார். (பொன்னியின் செல்வனில் வரும் குந்தவை ராஜராஜனின் அக்கா. இவர் வேறு.) அவர்களின் மகன்தான் ராஜராஜ நரேந்திரன்.

நரேந்திரன் தன் மாமன் மகளான அம்மங்கையை மணந்தார். அம்மங்கை, கங்கை கொண்ட ராஜேந்திர சோழனின் மகள். இவர்களுக்குப் பிறந்தவர் குலோத்துங்கன். அவரும் மாமன் மகளையே மணந்தார்: இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகி.

கணக்குப் போட்டுப் பார்த்தால், தந்தை வழிப் பாட்டியும் தாய் வழித் தாத்தாவும் ராஜராஜனின் பிள்ளைகள். அதாவது ராஜராஜனுக்கு இரண்டு வழியில் கொள்ளுப்பேரன்.

சொந்த நாடு கைவிட்டது ஏன்?

1061 வாக்கில் நரேந்திரன் இறந்தார். வேங்கி அரியணை மகனுக்குப் போகவில்லை; சித்தப்பா முறையான ஏழாம் விஜயாதித்தன் கைக்குப் போனது. தாய்மாமன் வீரராஜேந்திர சோழன் வேங்கிக்குப் படையெடுத்து வந்தார். ஆனால் மருமகனை அல்ல, விஜயாதித்தனையே அரியணையில் அமர்த்தினார்.

இளம் ராஜேந்திரன் இன்றைய பஸ்தர் பகுதியில், சக்கரக்கோட்டம், வயிராகரம் பக்கம் போர் செய்துகொண்டிருந்தார். அங்கே யானைகளைப் பிடித்ததை அவருடைய மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது.

1070இல் என்ன நடந்தது?

வீரராஜேந்திரன் இறந்தார். மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தார். அவருடைய அக்கா தங்கை முறையில் ஒரு சோழ இளவரசியை மணந்திருந்த மேலைச் சாளுக்கிய இளவரசர் ஆறாம் விக்கிரமாதித்தன் துணைக்கு வந்தார். அப்படியும் சில மாதங்களுக்குள் அதிராஜேந்திரன் இறந்துபோனார். 1070 ஜூனில் குலோத்துங்கனின் ஆட்சி ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது.

இங்கேதான் சிக்கல். விக்கிரமாதித்தனின் அவைப் புலவர் பில்ஹணர் எழுதிய காவியம், சோழ நாட்டில் கலகம் வெடித்து அதிராஜேந்திரன் உயிர் போனதாகவும், வேங்கிக்காரர் அரியணையைப் பிடித்துக்கொண்டதாகவும் சொல்கிறது. ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியோ, அரசன் இல்லாமல் சீர்குலைந்த நாட்டைக் காக்க வந்தவராக இவரைப் பாடுகிறது. இருவருமே தங்கள் அரசருக்காக எழுதியவர்கள். ஒரே சம்பவம், இரண்டு வெர்ஷன்.

பெயரை மாற்றியது எதற்கு?

சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடுவது வழக்கம். அதிராஜேந்திரன் பரகேசரி. புதியவர் சரியாக முறைப்படி ராஜகேசரி ஆனார். ஐந்தாம் ஆட்சியாண்டு வாக்கில் குலோத்துங்கன் என்ற பெயர் கல்வெட்டில் நிலைக்கிறது. குலத்தை உயர்த்துபவன் என்று பொருள். எந்தக் குலம் என்று பெயர் சொல்லவில்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

கலிங்கத்துப்பரணியில் ராச பாரம்பரியம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. அதில் சோழ முன்னோர் வரிசை முழுவதும் வந்து இவரிடம் முடிகிறது. உரிமையில் கேள்வி இருக்கும் இடத்தில்தான் வம்சாவளி அதிகம் தேவைப்படும்.

ஆட்சி எப்படி?

1086இல் நிலங்களை அளக்க வைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் டூம்ஸ்டே என்ற பெரும் நிலக் கணக்கெடுப்பை நடத்தினார். வில்லியமும் வெளியிலிருந்து வந்து, உறவைக் காட்டி, 1066இல் அரியணை பிடித்தவர்தான். யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று புதிய அரசருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சுங்க வரியை நீக்கியதால் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றார். 1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனா போனது.

இழப்புகளும் உண்டு. இலங்கை முதலாம் விஜயபாகுவிடம் போனது. கடைசிக் காலத்தில் கங்கவாடியை ஹொய்சாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சொந்த வேங்கியில் விக்கிரமாதித்தனின் கை ஓங்கியது. 1122 வாக்கில், சுமார் 50 ஆண்டு ஆட்சிக்குப் பிறகு மறைந்தார்.

கடைசியில், சோழரா சாளுக்கியரா?

தந்தை வழியை மட்டும் பார்த்தால் சாளுக்கியர். ஆனால் 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு முடியும் வரை, அடுத்த சுமார் 200 ஆண்டுகள் சோழ அரியணையில் இருந்தவர்கள் இவருக்குப் பின் வந்தவர்களே. தாராசுரம் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜனும் அந்த வரிசைதான். அவர்கள் யாரும் தங்களைச் சாளுக்கியர் என்று முன்னிறுத்தவில்லை. நாமும் அவர்களைச் சோழர் என்றே படிக்கிறோம்.

பிற்காலச் சோழர் வரலாற்றில் பாதி, குந்தவை, அம்மங்கை என்ற இரண்டு மகள்கள் வழியாக வந்தது. கல்வெட்டில் வளநாட்டுக்கு வைத்த பெயர் குலோத்துங்கனுடையது. அந்தப் பெயருக்குச் சோழம் தந்தவர்கள் அந்த இரண்டு பெண்கள்.