வடக்கன்குளத்தில் தமிழ் படித்த தீவகத்துக் குருவானவர்

ஒவ்வொரு ஓகஸ்ட் 2ஆம் திகதியும் தனிநாயகம் அடிகளின் படம் முகநூலில் வலம் வரும். தமிழ்த் தூதுவர், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கியவர், மாநாடுகளுக்கு வித்திட்டவர் என்று எழுதுவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். 27 வயதில், இலத்தீனில் ஆய்வேடு எழுதி முடித்துவிட்டு, தமிழில் ஒரு பிரசங்கத்தைச் செம்மையாகச் செய்ய முடியாமல் கூச்சப்பட்ட இளம் குருவானவர் அவர். விழா மேடைகளில் அவரைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை. எனக்கு அவரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தார். தாய் வழியில் ஊர்காவற்றுறை, தந்தை வழியில் நெடுந்தீவு. இதனால் அவர் எந்த ஊருக்குச் சொந்தம் என்பதில் இன்றைக்கும் ஒரு செல்லச் சண்டை உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த ஒரு நாள், அடிகள் நெடுந்தீவார் என்று ஒரு பெரியவர் என்னிடம் அடித்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற வேலணைக்காரர் விடவில்லை. படகு வரும்வரை வாக்குவாதம் நீண்டது. பெற்றோர் வைத்த பெயர் சேவியர் ஸ்ரனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது பின்னால் அவரே சேர்த்துக்கொண்டது. அந்தப் பெயரைச் சேர்த்ததற்குள்ளேயே கதையின் பாதி இருக்கிறது.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடக்கக் கல்வி. பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. 1920களின் யாழ்ப்பாணத்தில் நல்ல பாடசாலை என்றால் ஆங்கிலப் பாடசாலைதான். ஆங்கிலம் படித்தால் கொழும்பில் கிளாக்கர் வேலை, அதிர்ஷ்டம் இருந்தால் மலாயாவில் ரயில்வே உத்தியோகம், கடைசியில் ஊரில் ஒரு கல்வீடும் மலாயன் பென்சனும். தமிழ் வீட்டில் கதைக்கவும் கோயிலில் செபிக்கவும் இருந்த மொழி. அதைப் படித்து யாரும் முன்னேறியதாக அந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பையன் கெட்டிக்காரன், ஆங்கிலத்தில் மிளிர்ந்தான். கொழும்பு புனித பேர்நார்து குருமடத்தில் சேர்ந்தான். 1934இல் உரோமாபுரிக்குப் போனான்.

அங்கே படித்தது ஊர்பான் பல்கலைக்கழகத்தில். மறைபரப்பு நாடுகளுக்கென்று குருக்களைத் தயார்படுத்துவதற்காகவே ஏற்பட்ட நிறுவனம் அது. ஆசியா, ஆபிரிக்கா என்று பல திசைகளில் இருந்தும் வந்த மாணவர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள், பாடம் இலத்தீனில் நடக்கும். 1938 மார்ச் 19இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆய்வுப் பொருள், மூன்றாம் நூற்றாண்டில் சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தேஜ் நகரத்துக் குருக்கள். தீவகத்துப் பையன் வட ஆபிரிக்காவின் பழைய திருச்சபையை ஆராய்கிறான்! அதே காலத்தில் உரோமாபுரியில் இருந்த தமிழ் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து வீரமாமுனிவர் கழகம் என்று ஒன்றையும் தொடங்கினார். ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போன பிறகுதான் தமிழ் ஒரு கேள்வியாக அவருக்குள் முளைத்திருக்கிறது. புலம்பெயர் நாடுகளில் வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது புதிதாக இருக்காது.

மறைபரப்பாளர் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது அந்நிய மொழிக்குள் அனுப்பப்படும் ஒரு இளைஞர். இன்று மார்மன் சபையில் 18 வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக இரண்டு வருட ஊழியத்துக்குப் போகிறார்கள். சில வார மொழிப்பயிற்சியுடன், இருவர் இருவராக, முன்பின் தெரியாத நாட்டில் கதவு கதவாகத் தட்டுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோதும் இதே நிலைதான். செபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனப்பாடம் செய்துகொண்டு, கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சவேரியாரின் பெயரைத் தாங்கிய நம்மவர் 1940இல் அனுப்பப்பட்டதும் அதே தெற்குச் சீமைக்கு, தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குத்தான். ஒரு வித்தியாசம்: இவர் அனுப்பப்பட்டது தன் சொந்த மொழிக்குள். போன பிறகுதான் அதில் தான் எவ்வளவு அந்நியன் என்று அவருக்குத் தெரிந்தது.

வடக்கன்குளம் திருநெல்வேலிச் சீமையின் தெற்கு முனையில், கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் உள்ள ஊர். சில வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் போனேன். பனையும் காற்றும் நெடுந்தீவை நினைவூட்டின. காற்றாலைகள் மட்டும் புதியவை. கத்தோலிக்க வரலாற்றில் இது சின்ன ஊர் அல்ல. வீரமாமுனிவர் பணியாற்றிய இடம். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான்.

இன்னொன்றுக்கும் அந்த ஊர் பேர் போனது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டப்பட்ட கோயிலுக்கு இரண்டு கால்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் நின்று, நடுவில் உள்ள ஒரே பீடத்தைப் பார்க்கும்படியான அமைப்பு. காற்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்வார்கள். இரு பக்கத்தையும் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அடிகள் அங்கே போய்ச் சேர்ந்தபோது சுவர் விழுந்து 30 வருடம்தான் ஆகியிருந்தது. இடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவருடைய பூசைக்கு வந்திருப்பார்கள். இதை எழுதும்போது யாழ்ப்பாணத்தார் யாரும் நெல்லைக்காரரைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய கோயில் வாசல்களின் கதை நமக்குத் தெரியும்.

அவருக்குக் கிடைத்த வேலை புனித தெரசா பள்ளியில் ஆசிரியப் பணியும் உதவித் தலைமையாசிரியர் பொறுப்பும். அந்தக் காலத்துக் குரு ஒருவரின் நாளை இப்போது கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம். நள்ளிரவு தொடக்கம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, விடியலில் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து இலத்தீனில் பூசை. பகல் முழுக்க நேரத்துக்கு நேரம் இலத்தீன் செபப்புத்தகம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான், 1960களில், பூசை தமிழுக்கு வந்தது. ஆக, 1940இல் ஒரு குரு தமிழ் அதிகம் தெரியாமலே பலிப்பீடத்தில் நின்றுவிடலாம். மக்களை நேருக்கு நேர் பார்த்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்: பிரசங்கத்தில், பாவசங்கீர்த்தனத் தொட்டியில், நோயாளியின் கட்டில் அருகில், வகுப்பறையில்.

யாழ்ப்பாணத்துப் பேச்சு அங்கே எடுபடாது. நாங்கள் கதைக்கிறோம், அவர்களுக்குக் கதை என்றால் பாட்டி சொல்வது. நமக்குப் பனங்கட்டி, அவர்களுக்குக் கருப்பட்டி. நமக்குக் கருப்பநீர், அவர்களுக்குப் பதநீர். ஒரே பனை, இரண்டு அகராதி. கோயில் தமிழோ இன்னொரு உலகம். சர்வேசுரன், அர்ச்சியசிஷ்டவர், இஸ்பிரீத்துசாந்து என்று வடமொழியும் போர்த்துக்கேயமும் கலந்த மொழி. அதை ஒப்பித்துக்கொண்டு காலத்தை ஓட்டிய குருக்கள் ஏராளம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கிலமும் இலத்தீனும் இத்தாலியமும் தெரிந்த உரோமாபுரிப் பட்டதாரிக்கு அந்தக் கிராமத்தில் மரியாதை குறையப் போவதில்லை.

அவர் செய்தது வேறு. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். பகலில் பள்ளியில் அதிகாரம் உள்ளவர், பாடவேளை முடிந்ததும் ஐயரின் மாணவர். இலக்கணமும் இலக்கியமும் அடிப்படையிலிருந்து, ஏறக்குறைய நான்கு வருடங்கள். சங்க நூல்களுக்குள் அவர் நுழைந்தது அந்த வழியாகத்தான். கத்தோலிக்கக் குருவுக்கு ஒரு பிராமணப் பண்டிதர் அகத்திணை சொல்லிக் கொடுக்கிறார், அதுவும் சுவர் விழுந்த ஊரில்! ஊடகக் கற்கை படித்த காலத்தில் ஆளுமைகளின் திருப்புமுனை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவை எல்லாம் மேடைகளும் போராட்டங்களும்தான். ஒரு வளர்ந்த மனிதன் வெட்கத்தை விட்டுத் தாய்மொழியின் பாடப்புத்தகத்தைத் திறந்த நாளுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருக்கவில்லை.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். குருவானவர் மீண்டும் மாணவர். தமிழில் முதுகலை, அதன்பின் பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றிய ஆய்வு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற நிலப் பாகுபாட்டைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினார். இலத்தீன் படித்த காலம் வீண் போகவில்லை. பின்னாளில் திருத்திய பதிப்பாக 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1966இல் வந்த நூல் இதுதான். நெய்தலைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களை வாசிக்கும்போது கரம்பொன் கரை என் மனதில் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் மன்னிக்கட்டும்.

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். அதன்பின் அவர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. 1949 முதல் நாடு நாடாகப் போய்த் தமிழைப் பற்றி விரிவுரைகள். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழ். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர் பதவி. இந்தப் பயணங்களில்தான் ஐரோப்பிய நூலகங்களில் தூங்கிக் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் போனார்.

அதில் ஒன்று லிஸ்பனில் இருந்தது. 1554இல் அங்கேயே அச்சான தமிழ் செபநூல், தமிழ் ஒலியை ரோமன் எழுத்தில் தந்த சிறு புத்தகம். அதைத் தயாரித்தவர்கள் மூன்று தமிழர்கள். ஞானஸ்நானப் பெயர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன: விசென்ரே த நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா த குரூஸ். இன்னொன்று வத்திக்கானில் கிடைத்தது. அந்தாம் த புரோயென்சா என்ற போர்த்துக்கேய யேசு சபைக் குரு தொகுத்து, அவர் இறந்த பிறகு 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதி. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள். அடிகள் அதை அப்படியே நிழற்படப் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். அந்நிய மண்ணில் இருந்து வந்து, கேட்ட சொல்லை எல்லாம் எழுதி வைத்த ஒரு மறைபரப்பாளரின் உழைப்பு அது. வயது வந்தபின் தமிழை எழுத்தெண்ணிப் படித்தவருக்கு அதன் அருமை தெரியாமல் போயிருக்க முடியாது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. மொழியுரிமைக்காக அடிகள் பேசினார், எழுதினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குப் போனார். ஊராரில் பலர் ரயில்வே உத்தியோகத்துக்குப் போன நாட்டுக்கு இவர் பேராசிரியராகப் போனார். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது, அங்கே கூடியிருந்த அறிஞர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று மாநாடுகள் நடந்தன. இந்த வரலாறு நிறையப் பேர் எழுதியது, நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: சென்னை மாநாட்டோடு மெரினாவில் 10 சிலைகள் எழுந்தன, ஊர்வலம் வந்தது. ஆய்வரங்கை விட ஊர்வலம் மக்கள் மனதில் நின்றது. இன்று அந்த மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகளைத் தேடுவோரை விட அடிகளின் சிலைக்கு மாலை போடுவோர் அதிகம் என்பதற்கும் அங்கேதான் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கொழும்பில் நடத்தும்படி அரசாங்கம் கொடுத்த அழுத்தத்தையும் மீறி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் நடந்தது. வாழை, தோரணம், வீதியெல்லாம் சோடனை என்று அந்த நாட்களைப் பற்றி ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஜனவரி 10, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் இறுதி நாள் பொதுக்கூட்டம். பொலிஸ் உள்ளே புகுந்தது, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வேட்டு, அறுந்து விழுந்த மின்கம்பி. ஒன்பது பேர் இறந்தார்கள். மாநாடு என்ற ஏற்பாட்டையே உருவாக்கிய மனிதர் பிறந்த மண்ணில், அது முதன்முதலாக வந்த தடவை நடந்தது இது.

1980 செப்டம்பர் 1ஆம் திகதி அடிகள் காலமானார். வயது 67. ஐந்தாம் மாநாடு நான்கு மாதங்கள் கழித்து, 1981 ஜனவரியில் மதுரையில் நடந்தது. வடக்கன்குளத்தில் விடியற்காலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர்.