நீல மாத்திரைக்குப் பின்னால் ஒருத்தர்

பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நான் இரணியல்காரன். அதை நாக்குக்கு அடியில் ஒளிச்சு வச்சு, டீச்சர் போனதும் துப்பினவன். அதில் இரும்புச் சத்தோட 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. அந்த அமிலத்தைப் பற்றிப் படிக்கப் போனப்போதான் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற மனிதரைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். அரியர் வச்சிருக்கிற நண்பர்களே, கவனிங்க: மெட்ரிகுலேஷனை மூணாவது முயற்சியில்தான் பாஸ் பண்ணினார். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல், ரத்தம் வற்றி ஆளையே உருக்கும் நோய் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கிட்டே ஹார்வர்டில் படித்தார். பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அங்கேயும் நிரந்தரப் பதவி கிடைக்கலை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

இதற்கு முன்னாடியே பம்பாயில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர், கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதைக் கண்டிருந்தார். அதில் இருந்த பொருளுக்கு, பசலை வகைக் கீரை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தபோது, 1941-ல் ஃபோலிக் அமிலம்னு பேர் வந்தது. இலைக்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்த பேர். ஆனா டன் கணக்கில் கீரை அரைத்தாலும் துளிதான் தேறும். சுப்பாராவின் குழு 1945-ல் அதை ஆய்வகத்திலேயே தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தானது.

அவர் அதோட நிற்கலை. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அதே குழு உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் அந்த வழியில் வந்ததுதான். 1948-ல், 53 வயதில் காலமானார்.

புது செல் உருவாக, டி.என்.ஏ. கட்ட ஃபோலிக் அமிலம் வேணும். கருவில் குழந்தையின் தண்டுவடக் குழாய் முதல் 28 நாளிலேயே மூடிடும். பல பெண்களுக்கு அப்போ கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது. அதனாலதான் முன்கூட்டியே இந்தச் சத்து வேணும்.

விடுதி மெஸ்ஸில் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குறீங்களா? ஊருக்குப் போனா திங்கள்சந்தையில் கீரையும் சிறுபயறும் வாங்குங்க. ரொம்ப நேரம் வேகவச்சு தண்ணியை வடிச்சுக் கொட்டாதீங்க. சத்து அதோட போயிடும். மாத்திரை கொடுத்தா, என்னை மாதிரி துப்பாதீங்க.