பாழ்பட்ட நாட்டைப் பண்படுத்திய திவான் சேஷாத்திரி ஐயர்

ஆண்டு விழா மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை நினைவுகூர்தல் நன்மரபு. புலவர்களையும் வள்ளல்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவரோ கவி பாடியவருமல்லர், மேடையில் முழங்கியவருமல்லர். கணக்கேடுகளோடும் கட்டளைத்தாள்களோடும் ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டு மல்லாடி, பஞ்சத்தால் பாழ்பட்ட நாடொன்றை மீண்டும் எழுந்து நிற்கச் செய்தவர். அவரே மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர்.

நம் ஹெப்பகோடிக்குக் கூப்பிடு தொலைவில் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையின் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தங்கவயல் எனப் பல ஊர்களிலிருந்தும் நம்மவர் குடும்பங்கள் வந்து இங்கே அடுப்பு மூட்டியது அவ்வாலைகளையும் அவற்றைச் சார்ந்த தொழில்களையும் நம்பியேயன்றோ! ஆயினும் இந்நாட்டுக்கு இத்தொழில் வளம் வந்த வழியை நம்முள் எண்ணிப் பார்ப்போர் சிலரே. மழை பொய்த்தால் கேழ்வரகுக் களிக்கும் வழியற்றிருந்த நாடு இது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு சொல்லிவந்த பஞ்சம், 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டியதுபோலவே மைசூரையும் வாட்டியது. 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மைசூர் நாட்டு மக்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்தனர். பத்தாண்டு கழித்து, 1881இல் எண்ணியபோது 42 லட்சத்துக்கும் குறைந்திருந்தனர். இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை இவ்வாறு தேய்ந்ததென்றால், மாண்டவர்களின் தொகையைப் படிப்பவர்களே உய்த்துணரலாம். ஏரிகள் வறண்டன, உழவு மாடுகள் மடிந்தன, நெசவாளர் தறியை விற்று உண்டனர். அரசின் கருவூலத்திலிருந்த சேமிப்பு கரைந்து, அதன்மேல் 80 லட்சம் ரூபாய் கடனும் ஏறியது.

அந்நிலையில்தான், ஐம்பதாண்டுக் காலம் ஆங்கிலேய ஆணையர்கள் ஆண்டுவந்த அந்நாட்டை 1881ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் இளம் மன்னர் பத்தாம் சாமராஜ உடையாரிடம் திருப்பிக் கொடுத்தனர். கொடுத்தபோதே கப்பத்தையும் உயர்த்திக் கேட்டனர். ஆண்டுக்கு 24½ லட்சமாக இருந்தது 35 லட்சம் ஆகவேண்டும் என்பது உடன்படிக்கை. பஞ்சத்தில் அடிபட்டவன் முதுகில் மூட்டையை ஏற்றியது போன்ற செயல் இது. நாட்டின் நிலை கண்டு, அவ்வுயர்வை 1896 வரை தள்ளிவைக்க அவர்களே பின்னர் இசைந்தனர்.

முதல் திவான் ரங்காசார்லு செங்கற்பட்டு மாவட்டத்தில் தோன்றியவர். பிரதிநிதி சபையை 1881இல் கூட்டியவர் அவரே; பெங்களூரிலிருந்து மைசூருக்குப் புகைவண்டிப் பாதையைக் கொண்டு சேர்த்ததும் அவர் காலத்திலேயே. ஆனால் ஈராண்டுக்குள் 1883 ஜனவரியில் அவர் காலமானார். அவருக்குப்பின் அப்பொறுப்பு முப்பத்தேழு வயதே நிரம்பிய சேஷாத்திரி ஐயரிடம் வந்தது.

சேஷாத்திரி ஐயர் 1845ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் கோழிக்கோட்டில் வக்கீல். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1868இல் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டே ரங்காசார்லுவின் தொடர்பால் மைசூர்ப் பணியிற் சேர்ந்தார். பின்னர்ச் சட்டமும் தேர்ந்தார். தும்கூரிலும் மைசூரிலும் மாவட்ட அதிகாரியாக இருந்து ஊர் ஊராகச் சுற்றியவராதலின், பஞ்சம் விட்டுச்சென்ற தழும்புகளைக் கண்ணாரக் கண்டவர். திவான் பதவிக்கு வரும் முன்னரே அவர் கற்றிருந்த பாடம் இதுவே.

பதவியேற்ற ஓரிரு ஆண்டில் மழை மீண்டும் பொய்த்தது. அஞ்சிக் கையைச் சுருக்கியிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். அவரோ கடன் வாங்கியேனும் புகைவண்டிப் பாதையை நீட்டினார். பாதை தும்கூரை 1884இலும், துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹரிஹரத்தை 1889இலும் அடைந்தது. 1881இல் 60 மைலுக்கும் குறைந்திருந்த பாதை, 1890களின் நடுவில் 300 மைலைக் கடந்தது. வண்டிப்பாதை உள்ள நாட்டில் ஓரிடத்து விளைச்சல் மற்றோரிடத்துப் பட்டினியைத் தடுக்கும். தாது வருஷத்தில் சென்னைத் துறைமுகத்தில் தானியம் குவிந்து கிடந்தும் உள்நாட்டு ஊர்களுக்கு வேண்டிய விரைவில் அதனைச் சேர்க்க இயலாமற் போனதை அவர் மறக்கவில்லை போலும்.

ஏரி, கால்வாய்ப் பணிகளுக்கு அவர் காலத்தில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் செலவாயிற்று. சித்திரதுர்க்கப் பகுதியில் வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிக்கணவாய் அணையை 1898இல் தொடங்கினார். அது நிறைவுற்றது 1907இல்தான். உழவர் கடன் தீர வேளாண்மை வங்கிகளையும் 1894இல் ஏற்படுத்தினார். அவை வேரூன்றவில்லை. சிறு குடியானவனுக்கு எட்டாத வங்கியால் அவனுக்குப் பயன் என்ன? அவர் தொட்டதெல்லாம் துலங்கிற்று என்று எழுதினால் அது வரலாறாகாது.

1894-95இல் கணக்குப் பார்த்தபோது, 1881இல் 103 லட்சமாக இருந்த ஆண்டு வருவாய் 180 லட்சமாக உயர்ந்திருந்தது. கடன் போக 30¾ லட்சம் பற்றாக்குறையோடு தொடங்கிய அரசு, 176 லட்சம் ரூபாய் மிகுதியோடு நின்றது. அந்த மகிழ்ச்சியைத் துய்க்க மன்னர் இல்லை. 1894 டிசம்பரில் கல்கத்தாவில் நோயுற்று, முப்பத்தொரு வயதிலேயே அவர் மறைந்தார். மகன் சிறுவனாதலால் மகாராணி வாணிவிலாச சந்நிதானம் ஆட்சிப் பொறுப்பேற்க, ஆலோசனை சபையின் தலைவராகச் சேஷாத்திரி ஐயரே தொடர்ந்தார்.

இனி அவர் வாழ்க்கையின் தலையாய செயலுக்கு வருவோம். அதன் கதை கோலாரில் தொடங்குகிறது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டு, சில ஆண்டுகளில் செழுமையான தங்கப் படலத்தை எட்டினர். எடுக்கும் தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மைசூர் அரசுக்குச் சேர்ந்தது, எஞ்சியது கப்பலேறிற்று. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களிற் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் தமிழ் ஏழைகள், அவருள்ளும் ஒடுக்கப்பட்ட குலத்தினர். பாறை வெடித்தும் தூசு நுரையீரலில் படிந்தும் மாண்டவர்களின் பெயரை எந்த மண்டபத்துக்கும் எவரும் இடவில்லை.

சுரங்கம் ஆழமாக ஆழமாக நீரிறைக்கவும் பாறை அரைக்கவும் எந்திர வலிமை மிகுதியாக வேண்டியிருந்தது. நீராவி எந்திரங்களுக்காகக் காடுகள் விறகாயின. நெடுந்தொலைவிலிருந்து நிலக்கரியும் வந்தது. செலவு கட்டுக்கடங்கவில்லை. அதே நாட்டில் காவிரி, சிவசமுத்திரத்தில் ஏறத்தாழ 400 அடி வீழ்ந்து வீணே இரைந்துகொண்டிருந்தது. அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று அரசுப் பொறியாளர் டி லாட்பினியர் திட்டம் வகுத்தார். முன்னரே தனியார் கம்பெனி ஒன்றும் அவ்வுரிமையைக் கேட்டிருந்தது. சேஷாத்திரி ஐயர் அருவியைப் பிறரிடம் ஒப்படைக்கவில்லை. அரசே முதலிட்டு நடத்துவது என்று துணிந்தார்.

இத்துணிவின் அருமையை இன்று உணர்வது கடினம். டார்ஜிலிங்கில் 1897இல் அமைந்த சிறு நிலையத்தைத் தவிர நீர்மின் நிலையம் நம் நாட்டவர் கண்டறியாதது. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கோ 92 மைல். அவ்வளவு தொலைவு கம்பி வழியே மின்சாரம் செல்லுமா என்று ஐயுற்றவர் பலர். அக்காலத்து உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அஃது ஒன்று. டி லாட்பினியர் மேலைநாடுகளுக்குச் சென்று நிலையங்களைப் பார்த்து வந்தார். திவானோ கணக்கறிந்தவர், எந்திரம் வாங்கும் முன்னரே பொருளுக்கு ஆள் தேடினார். 4,000 குதிரைத்திறன் மின்சாரத்தைத் தங்கச் சுரங்கத்தார் ஆண்டுதோறும் விலைக்குப் பெற உடன்பட்டனர். அந்த உடன்பாட்டால் போட்ட முதல் திரும்பும் என்பது உறுதியாயிற்று. எந்திரங்களை அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் அளித்தனர். கனத்த பாகங்களை யானைகள் இழுத்துச் சென்றன.

காவிரியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லாமற் போவது தகாது. சென்னை அரசுக்கும் மைசூர் அரசுக்கும் ஏற்பட்ட 1892ஆம் ஆண்டு நீர் உடன்பாடு இவர் திவானாயிருந்த காலத்தது. பேச்சுகளில் மைசூரின் பக்கம் நின்று வாதாடியவர் தமிழரான இவரே. உண்ட நாட்டுக்கு உண்மையாயிருந்தார் என்பதே நம் கருத்து. ஆயினும் அவ்வுடன்பாடு இரு மாநிலத்தாருக்கும் மனநிறைவு தரவில்லை. அவ்வழக்கு நம் காலம்வரை நீண்டு, அதன் வெம்மை 1991இல் இந்நகரத் தமிழர் வீட்டு வாயில் வரை வந்ததை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரத் திட்டத்துக்கு மட்டும் இப்பூசல் இல்லாத இயல்பு உண்டு. சுழலியைச் சுற்றிவிட்ட நீர் மீண்டும் ஆற்றிலேயே கலந்து கீழே போகிறது. உழவனுக்கு ஒரு துளியும் குறைவதில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே பெங்களூரில் 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர், கடைத்தெருக்கள் வெறிச்சோடின. பழைய பேட்டையின் இடுக்குச் சந்துகளே நோய்க்கு இடங்கொடுத்தன என்று கண்டு, அகன்ற தெருக்களோடு பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்க்கப்பட்டன. அதற்கு முன்பே ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் நகருக்கு வந்திருந்தது. விக்டோரியா மருத்துவமனை 1900இல் திறக்கப்பட்டது. தங்கத்தின் பங்காக வந்த பணம் அரண்மனையோடு நில்லாது குழாயாகவும் சாலையாகவும் மருத்துவமனையாகவும் மாறியது இவ்வாறே.

இவ்வளவு செய்தவர்மீது குறை இல்லாமலில்லை. பெரும்பதவிகளில் சென்னை மாகாணத்தாரையே கொண்டுவந்து நிரப்புகிறார் என்று மைசூர்க் கல்விமான்கள் மனம் புழுங்கினர். அப்புழுக்கத்தில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். நாடு செழிக்கும்போது அந்நாட்டுப் பிள்ளைகள் வாயிலில் நிற்பது எவருக்கும் உவப்பாகாது. வெளியூரிலிருந்து வந்து வாழும் நாம் இதனை மறைத்து எழுதினால் அது நேர்மையன்று.

உழைப்பு உடலைத் தின்றது. 1900இல் நலங்குன்றி ஓய்வில் சென்றவர் மறு ஆண்டில் பதவியைத் துறந்தார். 1901 செப்டம்பர் 13ஆம் நாள், ஐம்பத்தாறு வயதில் உயிர் நீத்தார். ஒன்பது மாதம் கழித்து, 1902 ஜூன் 30ஆம் நாள், சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. 1905 ஆகஸ்டு 5ஆம் நாள் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவில் விளக்காக எரிந்தது. தாம் கண்ட கனவை அவர் கண்ணால் காணவில்லை.

சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் பின்னர் நகரத்தின் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் உயிராயிற்று. பஞ்சாலை, பட்டு, சோப்பு, பின்னர் 1940இல் விமானத் தொழிற்சாலை, 1970களின் இறுதியில் நமக்கு அருகிலுள்ள எலக்ட்ரானிக் சிட்டி என்று ஒன்று தளர்ந்தபோது மற்றொன்று எழுந்தது. தங்கவயலுக்கோ தங்கம் ஒன்றே தொழில். அரசுத் துறையின் பெமல் தொழிற்சாலை பக்கத்தில் எழுந்தும், சுரங்கத்தை நம்பிய ஆயிரங்களுக்கு அது போதவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அவ்வூர்த் தமிழர் வைகறையிலேயே புகைவண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலை தேடி வரலாயினர். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் பாதிச் சுவர் இடிந்தும் கூரை சரிந்தும் நிற்பதைச் சென்றவர் காணலாம். நூறாண்டுக்கு மேல் தந்த ஊருக்கு, அது தந்த செல்வத்தில் ஒரு சிறு பங்கையேனும் வேறு தொழில்களாக உரிய காலத்தில் விதைத்திருக்கலாகாதா? இக்குறை சேஷாத்திரி ஐயரைச் சேர்ந்ததன்று. அவருக்குப் பின் நூறாண்டு இருந்தவர்களைச் சேர்ந்தது. தங்கவயலிற் பிறந்து இன்று நம்மிடையே வாழும் குடும்பங்களுக்கு இதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சேஷாத்திரிபுரம் என்னும் நகர்ப்பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பன் பூங்காவில் உள்ள செந்நிற மண்டபம் அவர் நினைவாக எழுந்தது. அதில் மாநில மத்திய நூலகம் இயங்குகிறது. 1913இல் ஹார்டிஞ்சு பிரபு திறந்துவைத்த அவர் சிலையும் அப்பூங்காவிலேயே உள்ளது. 2025 ஆகஸ்டு முதல் நம் ஹெப்பகோடியிலேயே மெட்ரோ நிலையம் இருப்பதால், ஆர்.வி. சாலையில் ஒருமுறையும் மெஜஸ்டிக்கில் ஒருமுறையும் வண்டி மாறிப் பூங்காவுக்குச் சென்றுவிடலாம். நூலகம் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்க.