நடேசய்யரின் சின்னப் புத்தகங்களும் தாத்தாவின் வாக்கும்

2024 நவம்பரில் பொதுத் தேர்தல் நடப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர், மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, மாதிரி வாக்குச்சீட்டை விரித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கட்சிக்கு மட்டும் புள்ளடி போட வேண்டும். அதன் பிறகு, விரும்பினால், அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவருக்கு மேற்படாமல் அவர்களது இலக்கங்களில் புள்ளடி இடலாம். இரண்டு கட்சிகளுக்குப் போட்டால் சீட்டே செல்லாது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, இதையெல்லாம் முதலில் எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார். எனக்கு நினைவு வந்த பெயர் கோ. நடேசய்யர்.

அவர் மாத்தளைக்காரர் அல்ல, மாத்தளையில் போட்டியிட்டவரும் அல்ல. 1887இல் தஞ்சாவூரில் பிறந்தவர். அங்கே ஆசிரியராக இருந்தார், பத்திரிகை நடத்தினார். இலங்கைக்கு வந்தபோது தோட்டங்களை நேரில் பார்க்க விரும்பினார். ஆனால் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அதனால் புடவை வியாபாரியாக வேடமிட்டு, மூட்டையைத் தோளில் சுமந்து லயங்களுக்குள் போனார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். அங்கே கண்ட துண்டும் கடனும் கங்காணி ஆட்சியும் அவரை இந்த நாட்டிலேயே நிறுத்திவிட்டன.

கொழும்பில் தேசநேசன் பத்திரிகையையும், பின்னர் தேசபக்தனையும் நடத்தினார். ஏ. ஈ. குணசிங்கவுடன் சேர்ந்து தொழிற்சங்கத்தில் வேலை செய்தார், பிறகு பிரிந்தார். 1925இல் இந்தியர்களின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். ஆனால் அந்த வாக்கு படிப்பும் சொத்தும் உள்ளவர்களின் வாக்கு. கொழுந்து பறித்தவர்களும் பால் வெட்டியவர்களும் அதில் இல்லை.

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. இந்தியாவில் கூட அப்போது அது இல்லை. ஆனால் இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் வாசலில் ஒரு கடவை போட்டார்கள். இந்த நாட்டையே தம் நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்கள் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும், அல்லது ஐந்து வருட வதிவைக் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். எழுத்து தெரியாத மனிதனுக்கு அந்தக் கடவை மலை போல நின்றது.

நடேசய்யர் வேலை செய்தது அந்த இடத்தில்தான். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சட்டப் புத்தகம், நீ மயங்குவதேன், வெற்றியுனதே என்று எளிய தமிழில் புத்தகங்கள் எழுதினார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். வாசிக்க ஆளில்லாத இடத்துக்கு அவருடைய மனைவி மீனாட்சியம்மாளின் பாட்டுப் போனது. கூட்ட மேடைகளில் அவரே பாடுவார். பெண்கள் மேடை ஏறாத காலம் அது. சட்டமும் கூலியும் உரிமையும் மெட்டோடு லயத்துக்குள் நுழைந்தன.

அரசாங்க சபைத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். அந்த நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும். எழுத்துத் தெரியாதவனும் வாக்களிக்க அது வழி செய்தது. ஆனால் எந்த நிறம், ஏன் அந்த நிறம் என்பதை யாராவது சொல்லித்தர வேண்டுமே! துரையும் கங்காணியும் சொல்லும் நிறத்துக்கு எதிராக இன்னொரு குரல் வேண்டியிருந்தது. 1936இல் ஹற்றன் தொகுதி நடேசய்யரைத் தெரிவு செய்தது. தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கை மறுத்த சட்டத்தை அவர் அங்கே எதிர்த்து நின்றார்.

1947 பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்ற தேர்தல் அது. அந்த வருடம் நவம்பரில், 60 வயதில், நடேசய்யர் காலமானார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். அவர் சொல்லிக்கொடுத்து இடாப்பில் ஏறிய பெயர்கள் ஒட்டுமொத்தமாக அழிக்கப்பட்டன. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

என் தாத்தா பார்த்தார். 1947இல் வாக்களித்தவர், 1952இல் லயத்திலேயே இருந்தார். பிரஜாவுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்தது. நாடற்றவராகவே செத்தார். அட்டை கிழிந்த ஒரு சின்னத் தொழிலாளர் புத்தகத்தை அவர் தகரப் பெட்டியில் வைத்திருந்தாராம். 1977 கலவரத்தில் லயம் எரிந்தபோது அந்தப் பெட்டியும் எரிந்தது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். அவருக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2009இல் அந்தக் கடதாசியும் எங்கோ பங்கருக்குள் போய்விட்டது. முகாமில் இருந்து வெளியே வந்து, அத்தை வீட்டுக்கு மாத்தளைக்கு வந்த பிறகுதான் நான் முதன்முதலாக வாக்களித்தேன். மூன்று தலைமுறைக்கு ஒரு புள்ளடி.

அதனால்தான் தேர்தல் வந்தால் மாதிரி வாக்குச்சீட்டோடு லயங்களுக்குப் போகிறேன். 2024 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வேண்டுமென்றே கெடுத்தவர்கள் இருக்கலாம். முறை தெரியாமல் கெட்டவையும் அதில் உண்டு. மாத்தளை மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள்தான். இங்கே சிறு எண்ணிக்கையாக இருக்கும் நமக்கு ஒவ்வொரு சீட்டும் பெரிது.

வன்னியிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கும் இதே பாடம்தான். வாக்கு சாவடியில் தொடங்குவதில்லை, இடாப்பில் தொடங்குகிறது. இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. கிராம அலுவலரிடம் படிவம் கொடுத்தீர்களா, மகள் கலியாணமாகிப் போன இடத்தில் அவள் பெயர் ஏறியதா, பதினெட்டு வயதான பேரனின் பெயர் இருக்கிறதா? தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இடாப்பைப் பார்வைக்கு வைக்கும்போது போய், உங்கள் பெயரை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கண் தெரியாதவர்களுக்கு ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.